கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்: பிரிங் எங்கே, டேக் எங்கே?

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையில், மாலை ஆறரை மணிக்கு மேல், ஆங்கிலம் பேசப் பழக்குகிறேன். ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் ரயில் பாதை. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் கடக்கும் அரை நிமிடத்துக்கு யார் பேசினாலும் காதில் விழாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். போன மாதம் அப்படி ஒரு ரயில் போய் முடிந்ததும், அம்பத்தூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், "சார், டேக்குக்கும் பிரிங்குக்கும் என்ன சார் வித்தியாசம்? அந்த ரெண்டால நேத்து ஆபீஸ்ல திட்டு வாங்கினேன்" என்றார்.

நடந்தது இதுதான். வாடிக்கையாளருக்கு இயக்கிக் காட்ட வேண்டிய ஒரு கருவி, பெட்டியோடு இவரிடம் இருந்தது. மேலாளர் அன்றைக்குத் தரமணியில், அந்த வாடிக்கையாளரின் அலுவலகத்தில். அங்கிருந்து போன் போட்டுப் பெட்டி எங்கே என்று கேட்டிருக்கிறார். இவர் அடக்கமாக, "ஐ வில் டேக் இட் டுமாரோ, சார்" என்றிருக்கிறார். மறுமுனையில் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் "ஓகே". இரவு ஒன்பது மணிக்கு அலுவலக உதவியாளர் ஒருவர் பைக்கில் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மேடம், பெட்டியைக் கையோட வாங்கிட்டு வரச் சொன்னார்."

மேலாளருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பார். "நாளைக்கு நான் அதை எடுத்துக்கொண்டு போகிறேன்" என்று இவர் சொன்னதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. நாளைக்கு இங்கே வேண்டிய பெட்டியை இந்தப் பெண் வேறெங்கோ தூக்கிக்கொண்டு போகப்போகிறாரே என்று பதறிப்போய் ஆளை அனுப்பிவிட்டார்.

"நாளைக்கு எடுத்துட்டு வரேன்னுதானே சார் சொன்னேன்?" என்றார் அந்தப் பெண்.

சொன்னது தமிழில். ஆங்கிலத்தில் வந்து விழுந்தது அதன் முதல் பாதி மட்டும்.

பள்ளிக்கூடத்தில் சொற்பொருள் எழுதிய நோட்டு ஞாபகம் இருக்கிறதா? டேக் என்றால் எடு. பிரிங் என்றால் கொண்டு வா. நடுவில் ஒரு சமக்குறி, அவ்வளவுதான். தப்பும் இல்லை, ஆனால் குறைதான். ஏனென்றால் 'கொண்டு வா' என்று நாம் பேச்சில் அடிக்கடி சொல்வதில்லை. 'எடுத்துட்டு வா' என்கிறோம். குடையை எடுத்துட்டு வா, டிபன் பாக்ஸை எடுத்துட்டு வா. வாக்கியத்தை மனதுக்குள் ஆங்கிலமாக்கும்போது முதலில் கண்ணில் படுவது 'எடு'. உடனே டேக் வந்து குதிக்கிறது. மிச்சம் இருக்கும் 'வா'வை என்ன செய்வது? சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு, "டேக் அண்ட் கம்" என்று அதையும் ஒட்டவைக்கிறார்கள். சென்னையில் எந்தக் கல்லூரி வாசலிலும் அரை மணி நேரம் நின்றால் இந்த டேக் அண்ட் கம் காதில் விழும்.

இதைச் சரிசெய்ய ஆங்கில இலக்கணம் அதிகம் வேண்டாம். நம் வாக்கியத்தையே கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் போதும். 'எடுத்துட்டு வா' என்பதில் இரண்டு வினைகள் இருக்கின்றன. எடுப்பது கையின் வேலை. வருவது காலின் வேலை. 'எடுத்துட்டு போ' என்பதிலும் கை அதே வேலையைத்தான் செய்கிறது. கால் மட்டும் வேறு பக்கம் நடக்கிறது. தமிழ் கைக்கு ஒரு சொல், காலுக்கு ஒரு சொல் என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறது. மூடி வைத்த அந்த ஒரு சொல்லைத் தீர்மானிப்பது கால்தான். பொருள் வருகிறது என்றால் பிரிங். போகிறது என்றால் டேக். எடுத்தீர்களா, தூக்கினீர்களா, இழுத்தீர்களா, பையில் போட்டீர்களா, தோளில் சுமந்தீர்களா என்பதைப் பற்றி இந்த இரண்டு சொற்களுக்கும் அக்கறை கிடையாது.

ஆகவே ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும் முன் தமிழ் வாக்கியத்தின் வாலைப் பாருங்கள். 'எடுத்துட்டு வரேன்' என்று முடிகிறதா? பிரிங். 'எடுத்துட்டு போறேன்' என்று முடிகிறதா? டேக். அம்பத்தூர்ப் பெண் சொல்லியிருக்க வேண்டியது, "ஐ வில் பிரிங் இட் டுமாரோ, சார்." ஒரு சொல்தான் மாறுகிறது. அந்த உதவியாளர் இரவு ஒன்பது மணிக்குப் பாடி மேம்பாலம் ஏறி இறங்க வேண்டி வந்திருக்காது.

சரி, வருவது என்றால் எங்கே வருவது, போவது என்றால் எங்கிருந்து போவது? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. அதற்கு என் வகுப்புக்கு வரும் ஒரு மாமியின் ஊறுகாய் பாட்டிலைச் சொல்லியாக வேண்டும்.

மாமியின் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் போகிறார். அதற்காகத்தான் ஆங்கிலம். பெட்டியில் ஆவக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில். மூடியைச் சுற்றி டேப், அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர், அதற்கும் மேல் பழைய புடவைத் துணி. பாட்டில் ஒன்றுதான். ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர்.

பக்கத்து வீட்டுக்காரர் மாம்பலத்தில் நின்றுகொண்டு, "பொண்ணுக்கு என்ன கொண்டு போறீங்க மாமி?" என்கிறார். ஆங்கிலத்தில் இது டேக். மாமியும் அவரிடம், "ஐ ஆம் டேக்கிங் ஆவக்காய்" என்பார். அன்று இரவு மகள் வீடியோ அழைப்பில், "என்னம்மா கொண்டு வர்ற?" என்கிறாள். இது பிரிங். இங்கேதான் பலருக்கு இடறும்: மகளுக்குப் பதில் சொல்லும்போது மாமியும் பிரிங்தான் சொல்ல வேண்டும். "ஐ ஆம் பிரிங்கிங் ஆவக்காய்." மாமி இன்னும் மாம்பலத்தில்தான் இருக்கிறார், பாட்டில் அவர் வீட்டை விட்டுப் போகத்தான் போகிறது, ஆனாலும் பிரிங். ஏனென்றால் பாட்டில் போய்ச் சேரும் இடத்தில், கேட்டுக்கொண்டிருக்கும் மகள் இருக்கிறாள். அமெரிக்கச் சுங்கத்துறையின் படிவமும் மகள் கட்சிதான். பழம், காய்கறி, விதை, உணவு இருக்கிறதா என்று கேட்கும் இடத்தில் பிரிங்கிங் என்றுதான் அச்சடித்திருக்கிறது. படிவத்தை அச்சடித்தவர்கள் அந்தக் கரையில் நிற்கிறார்கள் அல்லவா?

மாமியிடம் இதை விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. "மகள் கிட்ட போன்ல 'ஆவக்காய் எடுத்துட்டு போறேன்'னு சொல்வீங்களா, 'எடுத்துட்டு வரேன்'னு சொல்வீங்களா?" என்று கேட்டேன். "எடுத்துட்டு வரேன்னுதான். எடுத்துட்டு போறேன்னா அவ என்ன நினைப்பா? வேற யாருக்கோன்னு நினைப்பா" என்றார். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அதாவது, பேசுகிறவர் இருக்கும் இடம் நோக்கி நகர்ந்தாலும் வருகைதான், கேட்கிறவர் இருக்கும் இடம் நோக்கி நகர்ந்தாலும் வருகைதான். இருவரும் இல்லாத மூன்றாவது இடம் நோக்கி நகர்ந்தால் போக்கு. தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தக் கணக்கு ஒன்றே. எல்லா மொழியிலும் இப்படி இல்லை. ஜப்பானிய மொழியில், "இதோ உன் வீட்டுக்கு வருகிறேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'போகிறேன்' என்ற சொல்லைத்தான் போடுவார்கள். ஸ்பானிய மொழியிலும் அப்படியே. வாசலில் யாராவது கூப்பிட்டால் உள்ளேயிருந்து, "இதோ போகிறேன்" என்பதுபோல்தான் குரல் கொடுப்பார்கள். அவர்கள் ஆங்கிலம் படிக்கும்போது இந்த ஒரு இடத்தை உட்கார்ந்து பழக வேண்டும். நமக்கு அது பிறப்பிலேயே கிடைத்துவிட்டது. கையில் இருப்பது தெரியாமல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பிறப்பிலேயே என்று சும்மா சொல்லவில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் தமிழ் இலக்கண நூல்களில் பழையதான தொல்காப்பியம் இதைச் சூத்திரமாகவே போட்டு வைத்திருக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கு சொற்களை எடுத்துக்கொள்கிறார். பிறகு, "தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த" என்கிறார். வருவதும் தருவதும் எனக்கும் உனக்கும் உரியவை. அடுத்த வரி இன்னும் சிறியது: "ஏனை இரண்டும் ஏனை இடத்த." போவதும் கொடுப்பதும் அவனுக்கு, அவளுக்கு, அவர்களுக்கு. ஊறுகாய் பாட்டிலின் இலக்கணம் அப்படியே இதில் இருக்கிறது. மகளிடம் பேசினால் முன்னிலை, ஆகவே வரவு. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசினால் மகள் படர்க்கை, ஆகவே செலவு.

செலவு என்றதும் பணம்தான் ஞாபகம் வரும். பழந்தமிழில் செலவு என்றால் செல்லுதல், போவது. வரவு செலவுக் கணக்கு என்று நோட்டில் நாம் கோடு போட்டு எழுதுவது உண்மையில் வந்தது, போனது என்ற இரண்டு பத்திகள்தான். மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பார்க்கிறவர்களுக்கு பிரிங், டேக் வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தா, கொடு என்ற வித்தியாசத்தை இன்றைய தமிழ் பெரும்பாலும் இழந்துவிட்டது. 'அவனுக்குத் தரேன்' என்றும் சொல்கிறோம், 'உனக்குக் கொடுக்கிறேன்' என்றும் சொல்கிறோம். மலையாளம் இன்னும் விடாமல் வைத்திருக்கிறது: எனக்கும் உனக்கும் என்றால் ஒரு சொல், மூன்றாம் ஆளுக்கு என்றால் வேறு சொல். நல்லவேளையாக வா, போ இரண்டும் நமக்குக் கலங்கவில்லை. பிரிங்குக்கும் டேக்குக்கும் அது போதும்.

ஆங்கிலத்தில் இதை விரிவாக அலசியவர் சார்லஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர். 1971-இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் அவர் நிகழ்த்திய தொடர் சொற்பொழிவுகளில், வருவது போவது என்ற இந்த எளிய சொற்களுக்குப் பெரிய இடம் ஒதுக்கினார். அவர் சுட்டிய நுணுக்கங்களில் ஒன்று நமக்கு உடனே பயன்படும். இப்போது அந்த இடத்தில் யாரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பொருள் போய்ச் சேரும் நேரத்தில் நானோ நீங்களோ அங்கே இருப்போம் என்றால் அதுவும் வருகைதான்.

உதாரணத்துக்கு, நாளைக்குச் சாயங்காலம் மெரினாவில் உழைப்பாளர் சிலைக்கு அருகே நண்பர்கள் கூடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நீங்கள் வடபழனியில், நண்பன் பெரம்பூரில். கடற்கரையில் இருவருமே இல்லை. ஆனாலும், "நாளைக்கு வரும்போது பேட் எடுத்துட்டு வாடா" என்றுதானே சொல்வீர்கள்? ஆங்கிலத்திலும் பிரிங். அதே நண்பன் உங்களை விட்டுவிட்டு வேறு கூட்டத்தோடு விளையாடப் போகிறான் என்றால், "பேட்டை எடுத்துட்டு போ", டேக். சொல்லில் கொஞ்சம் வருத்தமும் தொனிக்கும். நாமும் அங்கே இருப்போமா இல்லையா என்பதை இந்தச் சின்ன வினைச்சொல் சொல்லிவிடுகிறது.

இதுவரை எல்லாம் சுமுகம். தமிழ் வாலைப் பார்த்து ஆங்கிலம் பேசினால் போதும் என்று நான் வகுப்பில் சொல்லி முடித்த அன்றே, உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கும் ஒரு தம்பி கையைத் தூக்கினார். "சார், எங்கம்மா 'இந்தச் சாப்பாட்டைத் தாத்தாவுக்குக் கொடுத்துட்டு வா'ன்னு சொல்றாங்க. வா-ன்னு முடியுதே. அப்போ பிரிங்கா?"

மாட்டிக்கொண்டேன். பதில் டேக்தான். "டேக் திஸ் ஃபுட் டு யுவர் கிராண்ட்ஃபாதர்." ஆனால் வால் 'வா'வில்தானே முடிகிறது?

யோசித்துப் பார்த்தால், அந்த வாக்கியத்தில் இரண்டு நடைகள் இருக்கின்றன. சாப்பாடு தாத்தா வீட்டுக்குப் போகிறது. பையன் திரும்பி வீட்டுக்கு வருகிறான். 'வா' பையனுக்கு, சாப்பாட்டுக்கு இல்லை. சாப்பாடு தாத்தா வீட்டிலேயே தங்கிவிடும். நாம் யாரையும் வெறுமனே 'போ' என்று சொல்லி அனுப்பப் பிரியப்படுவதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட 'போறேன்' என்றால் பாட்டி முகம் மாறும். 'போயிட்டு வரேன்' என்றால்தான் நிம்மதி. திரும்பி வருவதை வாக்கியத்திலேயே தைத்து வைப்பது நம் பழக்கம். ஆங்கிலக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அதனால்தான் "ஐ வில் கோ அண்ட் கம்" என்று நாம் சொன்னால் அவர்கள் புரியாமல் சிரிக்கிறார்கள்.

எனவே விதியைக் கொஞ்சம் திருத்திக்கொண்டோம். ஆளின் காலைப் பார்க்காதீர்கள், பொருளின் காலைப் பாருங்கள். பொருளுக்குக் கால் ஏது என்று கேட்காதீர்கள். வெள்ளத்தில் கட்டிலும் பீரோவும் நடந்ததைப் பார்த்த ஊர் இது. கொடுத்துட்டு வா, போட்டுட்டு வா, விட்டுட்டு வா என்று வரும் இடமெல்லாம் பொருள் அங்கே தங்கிவிடுகிறது. அங்கே டேக். வாங்கிட்டு வா, எடுத்துட்டு வா, கூட்டிட்டு வா என்று வரும் இடத்தில் பொருளும் கூடவே வருகிறது. அங்கே பிரிங்.

அந்தத் தம்பிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. வாடிக்கையாளர் போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், "ஐ ஆம் டேக்கிங் யுவர் ஆர்டர், சார்" என்று சொல்லிவந்திருக்கிறார். டேக் த ஆர்டர் என்பது ஹோட்டலில் சர்வர் குட்டி நோட்டோடு வந்து, "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்வது. பசியோடு காத்திருப்பவர் காதில், "இப்போதுதான் எழுதிக்கொள்கிறேன்" என்று விழுந்தால் எப்படி இருக்கும்? கேட்கிறவர் வீட்டுக்குத்தானே வருகிறது, ஆகவே பிரிங்கிங். ஹோட்டல் வாசலில் நின்று நண்பனிடம், "இதை தி. நகருக்கு எடுத்துட்டு போறேன்" என்றால் மட்டும் டேக்கிங்.

ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் பொருளை எடுத்துக்கொண்டு வருவோம், ஆளைக் கூட்டிக்கொண்டு வருவோம். "தங்கச்சியை எடுத்துட்டு வா" என்றால் அவள் கைக்குழந்தையாக இருக்க வேண்டும். ஆங்கிலம் இந்த மரியாதையெல்லாம் பார்ப்பதில்லை. குடைக்கும் பிரிங், தங்கச்சிக்கும் பிரிங், மேலதிகாரிக்கும் பிரிங். ஆட்டோவில் ஏறிப் பேருந்து நிலையத்துக்குப் போகச் சொல்லும்போது, நீங்களே சரக்கு. டேக் மீ டு கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்ததிலிருந்து, வெறுமனே பஸ் ஸ்டாண்டுக்கு என்று சொன்னால் கோயம்பேடா, கிளாம்பாக்கமா என்ற அடுத்த கேள்வி வரும். ஆனால் எந்த நிலையமானாலும் டேக்தான். பிரிங் மீ என்று சொன்னால், நீங்கள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டு உங்களையே அழைப்பதுபோல் இருக்கும்.

இது கல்லில் வெட்டிய விதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்து ஆங்கிலத்தில், மற்றவர்கள் டேக் போடும் இடத்தில் சர்வசாதாரணமாக பிரிங் போடுவார்கள். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்பதற்கும் பிரிங். ஜெர்மன் மொழியில் பிரிங்கின் உடன்பிறப்பான ஒரு சொல் உண்டு, அது இரண்டு திசைக்கும் ஓடும். அதனால் ஜெர்மன்காரர் ஆங்கிலம் பேசினால் நம் தப்புக்கு நேர் எதிரான தப்பைச் செய்வார். கதை சொல்லும்போதும் சொல்கிறவர் யார் பக்கம் நிற்கிறாரோ அதைப் பொறுத்து மாறும். குழந்தை மதிய உணவைப் பள்ளிக்கு டேக் செய்கிறது என்றால் அம்மா சொல்கிறார். பிரிங் செய்கிறது என்றால் டீச்சர் சொல்கிறார். ஆக, யாராவது மாற்றிச் சொன்னால் உடனே திருத்தப் பாயாதீர்கள். அவர் எங்கே நின்று பேசுகிறார் என்று ஒரு நொடி பாருங்கள்.

இப்படிப் பார்க்கப் பழகிவிட்டால், நாம் தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்களே வேறு மாதிரி தெரியும். சம்பளச் சீட்டில் டேக் ஹோம் என்கிறார்கள். அலுவலகத்தில் நின்றுகொண்டு, நீ இவ்வளவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ என்கிற பார்வை அது. நாமோ அதையே 'கைக்கு வர்ற சம்பளம்' என்கிறோம். பணம் ஒன்று, நிற்கும் இடம் வேறு. கடைக்காரர் டேக் அவே என்று பலகை வைப்பதும் அவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பதால்தான். சென்னைக்காரர்கள் திசையைப் பற்றிய தகராறே வேண்டாமென்று பார்சல் என்று சொல்லிவிட்டார்கள்.

உருவமில்லாதவற்றுக்கும் இதே திசைதான். வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்கு மழையைக் கொண்டு வருகிறது: பிரிங். மழை அதிகமானால் வெள்ளம் வண்டிகளை அடித்துக்கொண்டு போகிறது: அங்கே பிரிங் போட முடியாது. பழைய பாட்டு ஒன்று கண்ணீரை வரவழைக்கிறது என்கிறோமே, அந்த வரவழைப்புக்குள் வா இருக்கிறது, ஆங்கிலத்திலும் பிரிங்தான். இல்லாதது இங்கே தோன்றினால் பிரிங், இருந்தது அகன்றால் டேக் என்று பெரும்பாலும் பொருந்தும்.

பெரும்பாலும்தான். டேக் மிகவும் அலைந்து திரிந்த சொல். அது ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளைகூட இல்லை. வைக்கிங்குகளோடு ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தது. வந்து, அங்கே அதே பொருளில் இருந்த பழைய சொல்லை மெல்ல வெளியே தள்ளிவிட்டது. அந்தப் பழைய சொல்லின் மிச்சம் 'நம்' (numb) என்ற ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது, கை கால் மரத்துப்போவதற்குச் சொல்வார்களே, அது. போட்டோ எடுப்பது, மாத்திரை சாப்பிடுவது, பஸ் பிடிப்பது, பரீட்சை எழுதுவது எல்லாவற்றுக்கும் டேக் உண்டு. அங்கெல்லாம் போக்கும் இல்லை, வரவும் இல்லை. அவற்றைத் திசைக் கணக்கில் கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கிருந்து அங்கே என்று பொருள் நகர்ந்தால் மட்டும், பிரிங்கா டேக்கா என்ற கேள்வி எழும்.

போய் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்கு ஃபெட்ச் என்று தனிச் சொல் உண்டு. இன்று பேச்சில் அதைவிட கெட் அதிகம். நம் அலுவலகங்களில், "நாளைக்கு லேப்டாப் கெட் பண்ணுங்க" என்று பிரிங்குக்குப் பதிலாகவே அதைப் போடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர் காதில் அது, போய் ஒரு லேப்டாப் வாங்கு என்று விழ வாய்ப்பு உண்டு. திசையே தெரியாவிட்டால் கேரி இருக்கிறது. சுமப்பது மட்டும்தான் அதன் வேலை, எங்கே என்று கேட்காது.

கடைசியாக ஒரு சின்ன 'ர'. பிரிங் இறந்தகாலத்தில் பிராட் ஆகும். வாங்குவதற்கான ஆங்கிலச் சொல் 'பை' (buy), இறந்தகாலத்தில் பாட் ஆகும். இடையில் ஒரு 'ர' மட்டும். எழுத்திலும் ஒரே ஓர் எழுத்துதான் கூடுதல். 'வாங்கிட்டு வந்தேன்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதால் எதைப் போடுவது என்று குழம்பும். காசு கொடுத்தது முக்கியம் என்றால் பாட், இங்கே வந்து சேர்ந்தது முக்கியம் என்றால் பிராட். டேக்குக்கு டுக், டேக்கன் என்று இந்தத் தொல்லை இல்லை.

போன வாரம் அம்பத்தூர்ப் பெண் வகுப்புக்கு ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். வாசலிலேயே நின்று நிதானமாக, "ஐ பிராட் பிஸ்கட்ஸ் ஃபார் எவ்ரிபடி" என்றார். உள்ளேயிருந்து மாமி, "பாட்டா, பிராட்டா?" என்றார். "ரெண்டும்தான் மாமி. ஸ்டேஷன் வாசல் கடையில பாட், இங்க பிராட்." அதற்குள் ஒரு ரயில் வந்துவிட்டது. அது போய் முடிந்து நாங்கள் பேச ஆரம்பித்தபோது பாக்கெட் பாதி காலி. மிச்சம் இருந்ததைத் தம்பி பையில் போட்டுக்கொண்டிருந்தார். "சார், ஐ ஆம் டேக்கிங் திஸ்" என்றார். தப்பே இல்லாத வாக்கியம்.